மாப்பிள்ளை அண்ணனாகி, அண்ணன் அத்தானான கதை

பெண் பார்க்க வந்த இடத்தில், கேசரித் தட்டு கையில் இருக்கும்போதே என் மாப்பிள்ளை எனக்கு அண்ணன் ஆகிவிட்டார். வேறு ஊர்களில் இப்படியெல்லாம் நடக்குமா என்று தெரியாது. எங்கள் பக்கத்தில் நடக்கும்.

நான் தென்காசியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பெண் பார்க்க வந்தபோது முப்பத்திரண்டு வயது, வீட்டில் ஒரே பெண். பொறுமை எனக்குப் பிறவியிலேயே கொஞ்சம் குறைச்சல். அவர் சிவகிரியில் கால்நடை மருத்துவர். முதல்முறை கடைக்கு வந்து ஒரு மருந்தின் பெயரைச் சொன்னபோது, "பெரியவுகளுக்கா, சின்னப் பிள்ளைக்கா?" என்று கேட்டேன். "வெள்ளாட்டுக்கு" என்றார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு சிவகிரியில் கிடைக்காத பஞ்சையும் பாண்டேஜ் துணியையும் தேடி அந்த மனிதர் மாதம் நான்கு தடவை தென்காசிக்கு வந்துகொண்டிருந்தார். சிவகிரியில் பஞ்சா கிடைக்காது!

இரண்டு வருடம் கழித்து வீட்டில் சொன்னேன். அப்பா காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குதிப்பார் என்று பயந்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. "டாக்டர் மாப்பிள்ளை" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்காதவரை அவராகச் சொல்லவில்லை.

ஆனி மாதம், நல்ல சாரல் நாளில் சிவகிரியிலிருந்து வந்தார்கள். இரண்டு அப்பாக்களுக்கும் பார்த்த ஐந்தாவது நிமிடமே ஒட்டிவிட்டது. இவர் அணையில் தண்ணீர் வரவில்லை என்றார், அவர் ஆமாம் என்றார். அவர் உரம் கிடைக்கவில்லை என்றார், இவர் ஆமாம் என்றார். பஜ்ஜி தீர்ந்து கேசரி வந்தது. மாப்பிள்ளையின் அப்பா முதல் வாயை விழுங்கிவிட்டு, பேச்சோடு பேச்சாகக் கேட்டார்:

"அண்ணாச்சி, உங்களுக்குச் சாஸ்தா எங்கன?"

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஜில்லாவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏதோ ஒரு குளத்தங்கரையிலோ மலையடிவாரத்திலோ ஒரு சாஸ்தா இருப்பார். துபாயில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும் பங்குனி உத்திரத்துக்கு அங்கே வந்து பொங்கலிட்டு, இலை விரித்துப் படப்புப் போட வேண்டும். இரண்டு குடும்பங்களுக்கு ஒரே சாஸ்தா என்றால் அவர்கள் பங்காளிகள், ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. அவர்களுக்குள் பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை.

அப்பா எங்கள் சாஸ்தாவைச் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பா தட்டைக் கீழே வைத்தார்.

"எங்களுக்கும் அங்கனதான்!"

"அப்போ நாம பங்காளில்லா!" என்று அப்பா துள்ளி எழுந்தார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தொலைந்துபோன சொந்தம் கிடைத்த சந்தோஷத்தில் முதுகில் தட்டிக்கொண்டார்கள். அப்புறம்தான் இருவருக்கும் உறைத்தது. தோளுக்கு மேலாக ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய அம்மா என் தலையில் வைக்கக் கொண்டுவந்த பிச்சிப்பூவை மருமகளுக்கு வைப்பதா, மகள் முறைக்கு வைப்பதா என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில், "அண்ணே, காப்பி குடிக்கியளா?" என்று கேட்டேன். பாவம், அவர் முகத்தில் ஈயாடவில்லை.

இரவு அப்பா, "ஏட்டி, விட்டுரு. சாமி குத்தம்" என்றார். நான் விடவில்லை. எனக்குத் தெரிந்த நியாயம் ஒன்றுதான். பங்காளி என்றால் இரண்டு குடும்பமும் மேலே எங்கேயோ ஓர் ஆணிடம் போய்ச் சேர வேண்டும். அந்த இடத்தை எனக்குக் காட்டுங்கள், நான் அவரை அண்ணன் என்றே கூப்பிட்டு ரக்‌ஷா கயிறு கட்டிவிட்டுப் போகிறேன். சேரவில்லை என்றால் எனக்குக் கல்யாணம். இருமல் மருந்து விளம்பரத் தாள் ஒன்றைப் பின்பக்கம் திருப்பி, கடை மேசையில் விரித்து, கீழே என் பெயரை எழுதினேன். மேலே அப்பா. அதற்கு மேலே தாத்தா. அதற்கு மேலே பூட்டனார்.

"பூட்டனாருக்கு மேல யாருப்பா?"

"பூட்டனாருக்கு மேல என்னட்டி இருக்கு? அவருதான் புலியடிச்சவரு" என்றார் அப்பா.

இந்தப் புலியைப் பற்றிச் சொல்லாமல் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல முடியாது. குற்றாலத்து மலையிலிருந்து இறங்கிய புலியைப் பூட்டனார் ஒற்றை ஆளாக அடித்தாராம். அதைப் பார்த்துத்தான் பங்குனி உத்திரத்தில் முதல் பரிவட்டம் எங்கள் வீட்டுக்கு வந்ததாம். காலையில் பூசை முடிந்ததும் பூசாரி முதலில் எங்கள் அப்பாவை அழைத்துத் தலையில் பட்டுத்துண்டு கட்டுவார். அந்த ஒரு நாளுக்காக அப்பா வருடத்தில் மீதி நாளெல்லாம் உயிர் வாழ்ந்தார் என்றுகூடச் சொல்லலாம். புலி மட்டும் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் நீளமாகிக்கொண்டே வந்தது.

புலியிடம் வேலை ஆகாது என்று அம்மாவிடம் போனேன். அம்மா அரிசி களைந்துகொண்டே, "வம்ச விருத்தாந்தமெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு. படப்புப் போடையில நம்ம வீட்டுக்கு மட்டும் ஒரு இலை மேக்க பாத்துத் தனியாப் போடுதோமே, அது ஏன்னு எனக்கு முப்பத்தஞ்சு வருசமா வெளங்கல" என்றார்.

நானும் சின்ன வயதிலிருந்து பார்த்த இலைதான். எல்லா இலையும் சாமியைப் பார்த்து இருக்கும். எங்கள் வீட்டு இலை ஒன்று மட்டும் சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்துக் கிடக்கும். மேற்கே மலை. மலையடியில் செங்கோட்டை, அந்தக் காலத்தில் திருவிதாங்கூர் ராஜ்யம். ஒரு குடும்பம் ஒரு சாஸ்தாவைக் கும்பிட்டுக்கொண்டே இன்னொரு திசைக்கும் சோறு வைக்கிறதென்றால், அந்தத் திசையில் யாரோ இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அன்றைக்கு முழுக்க யோசனை அந்த இலைமேல்தான். கடையில் காய்ச்சல் மாத்திரை கேட்டவருக்கு வயிற்றுவலி மாத்திரையை எடுத்து நீட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிச் செங்கோட்டைக்குப் போனேன். யாரைத் தேடுவது என்றே தெரியாமல் தேடப் போன ஆள் நானாகத்தான் இருப்பேன். நேந்திரங்காய் வறுவல் விற்ற ஓர் அண்ணாச்சி மட்டும் புத்தி சொன்னார்: "ஆளத் தேடாதம்மா, ஆளு போயிரும். வீட்டுப் பத்திரத்தத் தேடு. அது எங்கயும் போவாது." கால் கிலோ வறுவலும் அந்த வாக்குமாகத் திரும்பி வந்தேன்.

எங்கள் வீடும் குளத்துக்குக் கீழே உள்ள வயலும் பூட்டனார் வாங்கியவை என்பதுதான் வீட்டில் சொல்லப்பட்ட சேதி. வாங்கினால் விற்றவர் ஒருவர் இருக்க வேண்டும். பத்திரப்பதிவு அலுவலகத்தில் பழைய நகலுக்கு எழுதிப் போட்டு, தேடித் தேடி, ஆவணி மாதம்தான் கைக்கு வந்தது. பழைய எழுத்து எனக்கு ஓடவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த வயதான பத்திர எழுத்தர் ஒருவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"இது கிரையம் இல்லம்மா, தானம். ஒரு பெரியவர் தன் ஒரே மகளுக்கும், அவ புருசனா வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளைக்கும் எழுதி வெச்சிருக்காரு. ஆண் வாரிசு இல்லாதபடியால், அப்படின்னு போட்டிருக்கு."

"மாப்பிள்ளை பேரு?"

சொன்னார். எங்கள் பூட்டனார் பெயர்.

"ஊரு திருவிதாங்கூர் செங்கோட்டை. ஜீவனம்…" என்று நிறுத்தி, தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "ஜீவனம், குத்தாலத்தில் எண்ணெய் தேய்ப்பு."

அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. எழுத்தர் பயந்துபோய், "ஏம்மா, சிரிக்கியளா அழுதியளா? சொத்துல வில்லங்கமா?" என்றார். வில்லங்கம் இல்லை ஐயா, விமோசனம் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

குற்றாலத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு, எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டது கிடையாது. ஊர் உலகமெல்லாம் அங்கே படுத்து உருண்டு அடி வாங்கிக்கொண்டு போகும். அப்பா மட்டும் வீட்டிலேயே தானாகத் தேய்த்துக்கொண்டு குளிக்கப் போவார். "நம்ம வம்சத்துக்கு வேத்தாளு கை ஆகாது" என்பார். கூடத் தொழில் பார்த்தவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பூட்டனார் அந்தப் பக்கமே போகாமல் இருந்திருக்கிறார். அது மகனுக்குக் கட்டளையாகி, பேரனுக்கு வம்சப் பெருமையாகிவிட்டது! மலையைப் பார்த்துக் கிடந்த அந்த இலையும் செங்கோட்டையில் அவர் விட்டுவந்த சாமிக்குத்தான்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். அவர் தன் அப்பாவிடம் கேட்டுவிட்டு அரை மணி நேரத்தில் திரும்ப அழைத்தார். குரலே மாறியிருந்தது. அவருடைய அப்பாவுக்குப் பூட்டனார் முறையான ஒருவர் தென்காசியிலிருந்து அண்ணனோடு கோபித்துக்கொண்டு சிவகிரிக்குப் போனவராம். "அண்ணன் எவனோ ஒருத்தனை வீட்டோட மாப்பிள்ளையாக்கி, வீட்டையும் குடுத்துப் பரிவட்டத்தையும் குடுத்துட்டாரு. அந்த மரியாத நடக்கையில நம்ம ஆளு ஒருத்தன் அங்கன நிக்கப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதனால் அவர்கள் இன்றைக்கும் பங்குனி உத்திரத்தன்று பொழுது சாய்ந்த பிறகுதான் கோயிலுக்கு வருகிறார்கள். காலையில் பரிவட்டம் கட்டிக்கொண்டு மதியம் வீடு திரும்பும் எங்களை அவர்கள் பார்த்ததே இல்லை.

தாளில் கோடு போட்டேன். பத்திரம் எழுதி வைத்த பெரியவர்தான் அந்த அண்ணன். அவருடைய மகள் வழி நாங்கள். தம்பியுடைய மகன் வழி அவர்கள். பங்காளியா? கிடையவே கிடையாது. மாமன் மச்சான்! எனக்கு அவர் அண்ணனும் இல்லை, அந்நியரும் இல்லை. சாட்சாத் முறைமாப்பிள்ளை! "அத்தான்" என்று ஒரு செய்தி அனுப்பினேன். பதிலுக்குப் பத்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அப்பா அன்றைக்குக் குற்றாலத்தில் இருந்தார். வீட்டுக்கு வரட்டும் என்று காத்திருக்க என்னால் முடியுமா? ஆட்டோ பிடித்துப் போனேன். மெயின் அருவியில் சீசன் கடைசித் தண்ணீர். இடுப்பில் துண்டோடு தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"அப்பா, பத்திரம் கெடச்சிட்டு! பூட்டனாரு வீட்டோட மாப்பிள்ளையாம்! இங்கன எண்ணெய் தேய்ச்சவராம்!"

அருவிக்கரை மொத்தமும் கேட்டது. கல்லில் குந்தியிருந்த எண்ணெய் தேய்ப்பவர் நிமிர்ந்து, "யாரும்மா, எங்க ஆளா?" என்று ஆர்வமாக விசாரித்தார்.

அப்பா கரையில் வைத்திருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நகலைப் படித்தார். போலீஸ் புத்தி போகுமா? "சாட்சி யாரு? கையெழுத்தா, கைநாட்டா?" என்று விசாரணை வைத்தார். அதற்கு அடுத்ததாக அவர் கேட்ட கேள்வியை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதற்கும் பத்திரத்திலேயே பதில் இருந்தது. அவர் மூச்சு விட்டார், நான் தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு அருவிப் பக்கம் திரும்பிக்கொண்டார். புலி போய்விட்டதே என்று எனக்கே பாவமாக இருந்தது.

"ஐயா, தேய்ச்சு விடட்டா?" என்று அந்த எண்ணெய்க்காரர் கேட்டார்.

அப்பா போய்க் கல்லில் உட்கார்ந்தார். முதுகில் இரண்டு கையாலும் தாளம் போட்டு, கழுத்தைப் பிடித்து ஒரு சொடுக்கு எடுத்ததும் அறுபத்தாறு வயது சப்-இன்ஸ்பெக்டர், "ஏ எம்மா!" என்று சுகத்தில் கூவினார். "அடப்பாவி மனுசன், இதையா நமக்கு ஆகாதுன்னு சொல்லிட்டுப் போனாரு!" என்றார். நான் படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். எல்லாம் முடிந்துவிட்டது, தேதி குறிக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

திரும்பும் வழியில், ஆட்டோ இலஞ்சியைத் தாண்டும்போது அப்பா மெதுவாக, "நாம பங்காளி இல்லன்னா, பரிவட்டம்?" என்று கேட்டார்.

அதை நான் யோசிக்கவே இல்லை. பரிவட்டம் பங்காளிகளில் மூத்த வீட்டுக்கு. மூத்தவருக்கு ஆண் வாரிசு இல்லையென்றால் தம்பி வழிக்கு. அதாவது சிவகிரிக்கு. அதாவது சம்பந்தியின் தலைக்கு.

"பொண்ணையும் குடுத்து, பரிவட்டத்தையும் குடுக்கணுமா?" என்றார் அப்பா. எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

சும்மா வீட்டோடு பேசி முடித்துக்கொள்கிற விஷயமும் இல்லை இது. பங்காளிகள் எல்லோரும் கூடியிருக்க, சாமி முன்னால் குடும்பத் தலைவர் வாயால் சொன்னால்தான் முறை மாறும். இல்லையென்றால் ஊரைப் பொறுத்தவரை நாங்கள் அண்ணன் தங்கைதான். சிவகிரியிலிருந்து அவருடைய அப்பா, "எனக்குப் பரிவட்டமே வேண்டாம் அண்ணாச்சி, நீங்களே கட்டிக்கோங்க" என்று போனில் சொல்லிப் பார்த்தார். அப்பாவுக்கு அது இன்னும் ரோஷமாகிவிட்டது. "யாரு குடுத்து யாரு கட்டுதது?" என்று போனை வைத்துவிட்டார். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மாதங்கள் போயின. அப்பா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் வைராக்கியமாக எடுக்கவில்லை. அம்மா மட்டும் நடுவில் நின்று இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார். உள்ளதைச் சொன்னால், சில நாட்களில் நான் பயந்தேன். அப்பாவைக் கட்டாயப்படுத்தி ஒரு வார்த்தை வாங்கினால் அந்தக் கல்யாணம் எனக்கு இனிக்குமா என்று தெரியவில்லை.

பங்குனி உத்திரம் வந்தது. சிவகிரிக்காரர்கள் முதல்முறையாகக் காலையிலேயே வந்து ஆலமரத்தடியில் ஓரமாக நின்றார்கள். வரச் சொன்னது யார் என்று மாப்பிள்ளையிடம் கண்ணால் கேட்டேன். எங்கள் அப்பா பக்கம் தாடையைக் காட்டினார்.

பூசை முடிந்தது. பூசாரி பட்டுத்துண்டைக் கையில் எடுத்து எங்கள் வீட்டை அழைத்தார். அப்பா முன்னால் போனார். தலையைக் குனிய வேண்டிய இடத்தில் குனியவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. எங்க பூட்டனாரு இந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. குத்தாலத்துல எண்ணெய் தேய்ச்சுப் பொழச்சவரு. நாங்க பங்காளி இல்ல, பொண்ணு வழி. இந்த மரியாத சிவகிரிக்காரவுகளுது." ஸ்டேஷனில் அறிக்கை வாசிப்பது மாதிரி ஆரம்பித்தவருக்குப் பாதியில் குரல் உடைந்தது. "பொண்ணு வழின்னு சொல்ல வெக்கப்பட்டு மூணு தலைமுறையா மறைச்சிட்டோம். எனக்கும் ஒத்தப் பொண்ணுதான். நாளைக்கு எனக்குன்னு பூமியில நிக்கப்போறதும் பொண்ணு வழிதான். அத மறைக்க என்னால முடியல."

கூட்டத்தில் ஒரு பெண் குலவை போட்டாள். யார் என்று இன்றுவரை தெரியாது. அதைத் தொடர்ந்து அந்தக் குளத்தங்கரையே குலவையிட்டது. மாப்பிள்ளையின் அப்பா வந்து, "மச்சான்!" என்று அப்பாவைக் கட்டிப்பிடித்தார். போன தடவை மாதிரி இந்தத் தடவை யாரும் பாதியில் விடவில்லை. நான் அழுதேனா சிரித்தேனா என்று பத்திர எழுத்தரைத்தான் கேட்க வேண்டும். எங்கள் மாட்டு டாக்டர் அத்தனை பேர் முன்னாலும் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார்.

பூசாரி பரிவட்டத்தைச் சம்பந்தியின் தலையில் கட்டினார். அப்பா அதை நின்று முழுக்கப் பார்த்தார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வெறுந்தலையோடு, பின்வரிசையில் பெண்களுக்கு நடுவே நின்றிருந்த என்னிடம் வந்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் முப்பத்திரண்டு வயதில் ஒருநாளும் என்னிடம் எதையும் சரியா தப்பா என்று கேட்டறியாத மனிதர், மெதுவாகக் கேட்டார்:

"சரியாச் சொன்னேனாட்டி?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.